இடைக்கால இங்கிலாந்தின் ஊர் ஆலயத்தைப் பார்ப்பது எப்படி? பிளைத்பரோவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு பழைய ஆலயம் இருக்கிறது. பல ஆயிரம் ஆலயங்கள் இடைக்காலத்தில் கட்டப்பட்டவை. பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் கதவைத் திறந்து நேராக உள்ளே நுழைந்து, அண்ணாந்து பார்த்து, நான்கு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். "அழகாக இருந்தது" என்பதற்கு மேல் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருப்பதில்லை. ஆலயம் அவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. பார்க்க வேண்டிய வரிசைதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

வரிசை இதுதான்: முதலில் வெளிப்புறம், பிறகு உள்ளே, முதலில் இருப்பவை, பிறகு இல்லாதவை. இல்லாதவற்றைப் பார்ப்பதுதான் கடினம், ஆனால் பலன் அதில்தான். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில், கத்தோலிக்கத்திலிருந்து புராட்டஸ்டன்ட் நெறிக்கு நாடு மாறிய சமயச் சீர்திருத்தத்தின் பேரில் இந்த ஆலயங்களிலிருந்து சிலைகள், பீடங்கள், ஓவியங்கள், வண்ணக் கண்ணாடிகள் எல்லாம் அகற்றப்பட்டன. இன்று நாம் பார்ப்பது எஞ்சியதை மட்டுமே. சுவரில் ஒரு வெட்டு, தரையில் ஒரு பள்ளம், எங்கும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டு ஆகியவற்றைக் கவனிக்கப் பழகிவிட்டால், பத்து நிமிடத்தில் பார்த்த அதே ஆலயத்தில் அரைநாள் போதாது.

பொதுவாகப் பேசினால் மனத்தில் நிற்காது. ஆகவே ஒரே ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், பிளைத் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி நிற்கும் பிளைத்பரோ பரிசுத்த திரித்துவ ஆலயம் அது. "சதுப்பு நிலங்களின் பேராலயம்" என்று ஊரார் செல்லமாக அழைப்பார்கள். பேராலயம் என்பது பெயருக்குத்தான். ஆயர் (பிஷப்) எவரும் அங்கே இருந்ததில்லை. சிறிய ஊரின் பெரிய ஊர் ஆலயம், அவ்வளவே. சுற்றுவட்டாரத்தில் நாலைந்து ஆலயங்களையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் முழுமையடையும்.

புறப்படும் முன்

சிறிய தொலைநோக்கி, டார்ச் விளக்கு, குறிப்பேடு, பென்சில் ஆகியவை இல்லாமல் போகாதீர்கள். கூரைச் சிற்பங்களைத் தொலைநோக்கி இல்லாமல் பார்ப்பது வீண் வேலை. டார்ச் இருட்டில் வழி பார்க்க மட்டுமல்ல. சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சினால், நேர்ப்பார்வைக்குத் தெரியாத கீறல்களும் அழிந்த எழுத்துகளும் நிழல் விழுந்து எழுந்து வரும்.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து இப்ஸ்விச் போய், அங்கே கிழக்கு சஃபோக் பாதை ரயில் ஏறினால் ஹேல்ஸ்வொர்த் அல்லது டார்ஷம் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து சில மைல் தூரம். கார் இருந்தால் ஏ-12 நெடுஞ்சாலையே ஊர் வழியாகப் போகிறது. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். இது அருங்காட்சியகம் அல்ல, இன்றும் வழிபாடு நடக்கும் இடம். நுழைவுக் கட்டணம் கேட்க மாட்டார்கள். அதனாலேயே உண்டியலில் தாராளமாகப் போட வேண்டும். கூரையின் ஈயத் தகட்டைப் பழுது பார்க்கும் செலவு ஊர்க்காரர்கள் தலையில்தான் விழுகிறது.

படி 1: உள்ளே போகாதீர்கள்

முதல் அரை மணி நேரம் வெளியேதான். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்து, எது எப்போது கட்டப்பட்டது என்று ஊகிக்க முயலுங்கள்.

இடைக்கால ஆலயம் ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்படுவது அபூர்வம். மேற்கே கோபுரம், நடுவில் மக்கள் கூடும் பெரிய கூடம், கிழக்கே பலிபீடப் பகுதி என்பது வழக்கமான அமைப்பு. மக்கள் கூடத்தின் இருபுறமும் தாழ்வான பக்கக்கூடங்கள் இருக்கலாம். அவற்றின் கூரைக்கு மேலே மக்கள் கூடத்தின் சுவர் எழும்பி, அதில் ஒரு வரிசைச் சாளரங்கள் இருந்தால் கூடத்துக்கு உச்சியிலிருந்து வெளிச்சம் கிடைக்கும். பிளைத்பரோவில் இந்த மேல் சாளரங்கள் ஒவ்வொரு பக்கமும் 18, இடைவெளி விடாமல் ஓடுகின்றன. மாலை வெயிலில் நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கச் சாளரம் வழியாக எதிர்ப்பக்கச் சாளரத்தின் வானம் தெரியும்.

இப்போது கோபுரத்தைப் பாருங்கள். இத்தனை ஆடம்பரமான கூடத்தோடு ஒட்டாமல் எளிமையாக, சற்றே குட்டையாக நிற்கிறது. காரணம் எளிது: கோபுரம் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மற்றதெல்லாம் 15-ஆம் நூற்றாண்டு. 1412-இல் மன்னர் நான்காம் ஹென்றி, இவ்வூரில் மடம் வைத்திருந்த அகுஸ்தினார் சபைத் துறவியருக்கு ஆலயத்தைப் புதிதாகக் கட்ட அனுமதி வழங்கினார். பழைய கோபுரத்தை அப்படியே விட்டுவிட்டு மற்றதைக் கட்டினார்கள்.

எந்த ஆலயத்திலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். கோபுரத்தின் கிழக்கு முகத்தில், இன்றைய கூரைக்கு மேலே கூரை வடிவில் சாய்ந்த கோடு ஒன்று கல்லில் பதிந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், முன்பு இருந்த செங்குத்தான கூரை அந்த உயரம்வரை போயிருக்கிறது என்று பொருள்.

படி 2: கல் எங்கிருந்து வந்தது?

சஃபோக்கில் கட்டடத்துக்கு ஏற்ற நல்ல பாறை கிடையாது. சுண்ண மண்ணில் உருண்டை உருண்டையாகக் கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல்தான் உண்டு. அதைச் சாந்தில் பொதித்துச் சுவர் எழுப்பினார்கள். மூலைகளுக்கும் சாளரச் சட்டங்களுக்கும் மட்டும் வெட்டும் கல்லை வெளியூரிலிருந்து நீர்வழியாகத் தருவித்தார்கள். செதுக்கிய கல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பணம் ஊரில் புழங்கியது என்று துணிந்து கணக்கிடலாம்.

பணம் பெருகியபோது இதே ஏழைக் கல்லை வைத்து ஒரு கலையையே உருவாக்கிவிட்டார்கள். சிக்கிமுக்கிக் கல்லைப் பிளந்தால் உள்முகம் கருநீலமாகப் பளபளக்கும். வெளிர்நிறக் கல்லில் எழுத்தும் பூவேலையும் வெட்டி, அதன் பள்ளங்களில் இந்தக் கருங்கண்ணாடிச் சில்லுகளைச் சமதளமாகப் பதித்தார்கள். நார்ஃபோக், சஃபோக் உள்ளிட்ட கிழக்கு ஆங்கிலியா வட்டாரத்துக்கே உரிய வேலைப்பாடு இது. பிளைத்பரோவின் கிழக்குச் சுவரில், பெரிய சாளரத்துக்குக் கீழே, கிரீடம் சூடிய 12 எழுத்துகள் இப்படிப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு லத்தீன் அர்ப்பணிப்பு வாசகத்தின் முதலெழுத்துகள் என்று ஒரு விளக்கம் உண்டு, அது ஊகம்தான். பக்கத்து ஊரான சவுத்வோல்டில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே மேற்குச் சாளரத்தைச் சுற்றி "புனித எட்மண்டே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று லத்தீனில் எழுத்து எழுத்தாகப் பதித்திருக்கிறார்கள். புனிதர்களிடம் வேண்டுவதே தடைசெய்யப்பட்ட காலத்தையும் கடந்து அந்த வேண்டுதல் சுவரில் நிற்கிறது.

வேலைக்கு என்ன கூலி என்று கேட்பீர்கள். ஆற்றின் எதிர்க்கோடியில் உள்ள வால்பர்ஸ்விக் ஆலயக் கோபுரத்துக்கான 1426-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. டன்விச் ஊர் ரிச்சர்ட் ரஸ்ஸல், பிளைத்பரோ ஊர் ஆடம் பவுல் என்ற இரு கொத்தர்கள் வேலையை ஏற்றிருக்கிறார்கள். கோபுரம் எழும் ஒவ்வொரு கெஜத்துக்கும் 40 ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு பீப்பாய் ஹெர்ரிங் மீன், ஆளுக்கு ஓர் அங்கி. கோபுரம் டன்ஸ்டால் ஊர்க் கோபுரம் மாதிரி இருக்க வேண்டும், வாசல் ஹேல்ஸ்வொர்த் வாசல் மாதிரி இருக்க வேண்டும் என்று ஊரார் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். வரைபடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஊரைக் காட்டி "அதைப் போல" என்றாலே போதுமானதாக இருந்தது. ஒரு வட்டாரத்தின் ஆலயங்கள் ஒன்றின் சாயலில் இன்னொன்று இருப்பதன் மர்மம் இந்த ஒரே வரியில் அவிழ்ந்துவிடுகிறது.

படி 3: சாளரத்தை வைத்துக் காலம் கணிப்பது

ஆங்கில ஆலயங்களின் பாணிகளுக்கு இன்று வழங்கும் பெயர்களை 1817-இல் தாமஸ் ரிக்மன் என்பவர் வகுத்தார். ஆண்டுகள் தோராயமானவை, ஆனாலும் இன்றுவரை இதற்கு மாற்று வரவில்லை.

அரைவட்ட வளைவு, தடித்த சுவர், சின்னச் சாளரம், வாசலில் வளைவு வளைவாக வெட்டுவேலை இருந்தால் நார்மன் காலம், அதாவது 1066 முதல் 12-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை. ஹெரிஃபோர்டுஷையரில் உள்ள கில்பெக் ஆலயம் இதற்குச் சிகரம். ஈட்டி முனை போல ஒடுங்கிய, தனித்தனிச் சாளரங்கள் என்றால் 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. ஒரே பெரிய சாளரத்தின் தலைப்பகுதியில் கல்லே கொடியாக நெளிந்து இலையும் சுடருமாக விரிந்தால் 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. சாளரத்தை நிறுத்தும் கல் கம்பங்கள் நெளியாமல் நேராக உச்சி வளைவுவரை ஏறி முட்டினால் அது பர்ப்பெண்டிகுலர் பாணி. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கி 1530 வரை நீடித்தது. பிளைத்பரோவின் கூடம் இந்தக் கடைசி வகை. சுவரைக் குறைத்துக் கண்ணாடியைக் கூட்டுவதே இந்தப் பாணியின் லட்சியம்.

ஒரு எச்சரிக்கை. சாளரம் புதிதாக மாற்றப்பட்டிருக்கலாம். விக்டோரியா காலத்தில் ஆலயங்களைப் "பழைய நிலைக்கு மீட்கிறோம்" என்று சொல்லி ஏராளமாக மாற்றினார்கள். விளிம்புகள் கத்திமுனை போலக் கூர்மையாக, எல்லாச் சாளரங்களும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இந்த "மீட்பு" வேலையை எதிர்த்துத்தான் வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1881-இல் பிளைத்பரோ ஆலயம் பாதுகாப்பற்றது என்று மூடப்பட்டபோது, எப்படிப் பழுது பார்ப்பது என்பதில் சங்கத்துக்கும் ஊர்க் குருவானவர் தரப்புக்கும் கடும் வாக்குவாதம் நடந்தது. மழையில் குடை பிடித்துக்கொண்டு ஆராதனைக்கு உட்கார்ந்தார்கள் என்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். என் கட்சி மாரிஸ் கட்சி. பணத்தட்டுப்பாடும் இந்தச் சண்டையும் சேர்ந்துதான் பிளைத்பரோவைப் புதுமெருகிலிருந்து காப்பாற்றின.

படி 4: முகமண்டபம்

தெற்கு வாசலின் முகமண்டபத்தை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். இடைக்காலத்தில் ஞானஸ்நானச் சடங்கின் முதல் பகுதியும் திருமண உறுதிமொழியும் ஆலய வாசலில்தான் நடந்தன. வாசலருகே புனித நீர் வைக்கும் கல்குழி இருக்கும், அல்லது அது உடைக்கப்பட்ட தடம் இருக்கும். தெற்குச் சுவரில் உள்ளங்கையளவு அரைவட்டமும் நடுவில் ஒரு துளையும் சில கோடுகளும் தெரிந்தால் அது வெயில் கடிகாரம். துளையில் குச்சி செருகித் திருப்பலி நேரம் பார்த்திருக்கிறார்கள். வடக்கு வாசலுக்குப் "பிசாசு வாசல்" என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். ஊர்வலங்களுக்கு அது தேவைப்பட்டது என்பதே போதுமான விளக்கம்.

படி 5: மேற்குக் கோடியில் நின்று பாருங்கள்

உள்ளே போனதும் நடக்காதீர்கள். மேற்குக் கோடியில், கோபுரத்தின் அடியில் நின்று கிழக்கே பாருங்கள். பிளைத்பரோவில் முதலில் தாக்குவது வெளிச்சம். வெளுத்த சுவர், செங்கல் பாவிய தரை, வெறுமை. கண்ணில் படும் இன்னொன்று, மக்கள் கூடத்துக்கும் பலிபீடப் பகுதிக்கும் இடையே கல்லாலான வளைவு எதுவும் இல்லாதது. ஒரே கூரை மேற்கிலிருந்து கிழக்குவரை ஓடுகிறது.

இந்த வெளிச்சத்தை நம்பிவிடாதீர்கள். 1500-இல் இந்தச் சாளரங்கள் முழுக்க வண்ணக் கண்ணாடி. சுவர்களில் ஓவியம், தூண்களுக்கு அருகே புனிதர் சிலைகள், அவற்றின் முன் மெழுகுவர்த்திகள். இரு பகுதிகளுக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மேல் எழும்பும் மரத்திரை, அதன் தலையில் சிலுவை. இன்று நாம் "எளிமையின் அழகு" என்று வியப்பது யாரோ திட்டமிட்டுச் செய்த வெறுமை. அது அழகுதான், மறுக்கவில்லை. கட்டியவர்கள் பார்த்தால் தங்கள் ஆலயம் கொள்ளை போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள்.

படி 6: கூரை

இப்போது தொலைநோக்கியை எடுங்கள். முடிந்தால் ஒரு பெஞ்சில் மல்லாந்து படுத்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஏறக்குறைய தட்டையான மரக்கூரை. அதன் நடுவரிசையில், உத்திரங்கள் சந்திக்கும் இடங்களில், முதுகோடு முதுகு ஒட்டி இருவர் இருவராக மரத் தேவதூதர்கள். ஒருவர் கிழக்கே பார்க்க, ஒருவர் மேற்கே பார்க்க, இறக்கைகளை அகல விரித்திருக்கிறார்கள், கையில் கேடயம். கூரைச் சட்டங்களில் பூக்களும் இயேசுவின் பெயர்ச் சுருக்கமும் சிவப்பிலும் பச்சையிலும் தீட்டிய பழைய வண்ணம் மங்கலாக இன்னும் இருக்கிறது. மறுபூச்சுப் பூசாமல் விட்டிருப்பது பெரும் பேறு. தேவதூதர் கூரை என்பது கிழக்கு ஆங்கிலியாவின் பெருமிதம். எண்ணிக்கைக்குப் பேர்போனது கேம்பிரிட்ஜ்ஷையரின் மார்ச் ஊர்; அங்கே 118 பேர் இருக்கிறார்கள். எண்ணிக்கையை விட்டுவிட்டு எது மனத்தில் தங்குகிறது என்று கேட்டால் நான் பிளைத்பரோவையே சொல்வேன்.

இங்கே ஒரு கதை உண்டு. அந்தத் தேவதூதர்களின் உடலில் ஈயக் குண்டுகள் துளைத்திருந்தன. யார் சுட்டது? ஊர் சொன்ன பதில் வில்லியம் டவ்சிங். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது, 1643-இல் நாடாளுமன்றம் "மூடநம்பிக்கைச் சின்னங்களை" அகற்ற ஆணையிட்டது. மான்செஸ்டர் பிரபு அந்த வேலைக்கு நியமித்த டவ்சிங், கேம்பிரிட்ஜ்ஷையரிலும் சஃபோக்கிலும் 250-க்கும் மேற்பட்ட ஆலயங்களுக்குப் போய் உடைத்தார், அல்லது உடைக்க உத்தரவிட்டார். பெரும்பாலும் ஊருக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணமும் வாங்கிக்கொண்டார்! போன ஊர்களையெல்லாம் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். 1644 ஏப்ரலில் பிளைத்பரோவுக்கு வந்தவர் 20 தேவதூதர்களை இறக்கும்படி உத்தரவிட்டதாக அதில் இருக்கிறது.

ஆனால் சுட்டதாக ஒரு வார்த்தை இல்லை. பிற்காலத்தில் பழுது பார்த்தபோது குண்டுகளை ஆராய்ந்தார்கள். அவை 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆலயக் கணக்குப் புத்தகமோ கூரையில் கூடு கட்டிய காக்கையினப் பறவைகளைச் சுடுவதற்கு வெடிமருந்தும் குண்டும் வாங்கிய செலவைச் சொல்கிறது. குறி தப்பிய குண்டுகள் தேவதூதர்களைத் துளைத்திருக்கின்றன. டவ்சிங்கின் தலையில் போதுமான பழி இருக்கிறது. இதையும் சுமத்த வேண்டாம். அவர் இறக்கச் சொன்னார், ஊர் இறக்கவில்லை என்பதுதான் இங்கே சுவையான செய்தி. அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்ட யார் காசு கொடுப்பது?

படி 7: வடக்குக் கதவும் கருப்பு நாயும்

1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது பயங்கரப் புயல். கோபுரத்தின் மேலிருந்த கூம்பு சரிந்து கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அதே நாளில் பங்கே ஊர் ஆலயத்திலும் இடி விழுந்தது. அவ்வாண்டே லண்டனில் ஆப்ரஹாம் ஃப்ளெமிங் வெளியிட்ட சிறு பிரசுரம், பேய் வடிவிலான கருப்பு நாய் ஒன்று இரண்டு ஆலயங்களுக்குள்ளும் பாய்ந்தது என்று எழுதியது. பிளைத்பரோவின் வடக்குக் கதவில் உள்ள கரிந்த தடங்களை நாயின் நகக்கீறல் என்று இன்றும் காட்டுவார்கள்.

கதவின் அருகே போய் டார்ச் ஒளியைச் சாய்த்துப் பாருங்கள். சில தடங்கள் கண்ணீர்த்துளி வடிவில், ஒரு முனை கூர்மையாக இருக்கும். இப்படிப்பட்ட கருகல்களை இங்கிலாந்தின் பழைய வீட்டு உத்திரங்களிலும் கதவுகளிலும் பார்க்கலாம். எரியும் திரியை மரத்தோடு சாய்த்து நெடுநேரம் பிடித்தால் உண்டாகும் வடிவம் அது. தீயிலிருந்தும் தீமையிலிருந்தும் காப்பதற்காக மக்களே வேண்டுமென்றே இட்டது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கூம்பு விழுந்தது உண்மை. நாயை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.

படி 8: பெஞ்சுகளின் முனைகள்

15-ஆம் நூற்றாண்டுக்கு முன் ஆலயங்களில் மக்களுக்கு இருக்கை குறைவு, நின்றார்கள், மண்டியிட்டார்கள். முதியவர்களுக்குச் சுவரோரம் கல்திண்ணை. பெஞ்சுகள் பரவியபோது அவற்றின் முனைகள் ஊர்த் தச்சரின் கைக்குக் கிடைத்தன.

பிளைத்பரோவில் ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறு உருவம். ஏழு பெரும்பாவங்களில் சோம்பல், படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறது. பெருந்தீனி தன் தொந்தியைக் கட்டிக்கொண்டிருக்கிறது. பேராசை பணப்பெட்டிமேல் அமர்ந்திருக்கிறது. கைகூப்பி வேண்டும் ஒருவரின் முகத்தைக் குனிந்து பாருங்கள்: கண் திறந்திருக்கிறது. அவர்தான் வெளிவேடம். பக்கத்திலேயே இரக்கச் செயல்களும் விவசாய வேலைகளும். எழுதப் படிக்கத் தெரியாத ஊருக்குப் பாடப்புத்தகம் இது என்று வழக்கமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தச்சர் ரசித்துச் செதுக்கியிருக்கிறார். ஊரில் யார் யாரை மனத்தில் வைத்துச் செதுக்கினார் என்பது அன்று உட்கார்ந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

இன்னொரு உருவம் பலிபீடப் பகுதியில் இருக்கிறது. மரத்தாலான மனிதன், கயிற்றை இழுத்தால் மணியடிக்கும். 1682 என்று ஆண்டு போட்டிருக்கிறது. சவுத்வோல்டில் இவனுடைய மூத்த உறவினன் ஒருவன், 15-ஆம் நூற்றாண்டுப் போர்வீரன் உடையில், இன்றும் மணியடித்து ஆராதனையைத் தொடங்கிவைக்கிறான்.

படி 9: ஞானஸ்நானத் தொட்டி

தொட்டி வாசலருகே இருக்கும். திருச்சபைக்குள் நுழைவதன் அடையாளம். கிழக்கு ஆங்கிலியாவில் எட்டுப் பக்கத் தொட்டிகளே அதிகம். ஏழு பக்கத்தில் ஏழு அருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், திருமணம் போன்ற திருச்சபைச் சடங்குகள்), எட்டாவதில் வேறொரு காட்சி என்று செதுக்கிய தொட்டிகள் நார்ஃபோக், சஃபோக் இரண்டிலுமாக ஏறக்குறைய 40 இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். அருகிலுள்ள வெஸ்ட்ஹாலில் பழைய வண்ணம் ஒட்டியிருக்கிறது. நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள். தொட்டியின் விளிம்பில் எதிரெதிரே இரும்புத் துண்டோ உடைந்த பள்ளமோ இருந்தால், அது பூட்டின் தடம். மந்திரித்த நீரை யாரும் மாந்திரீகத்துக்கு எடுத்துவிடக்கூடாதென்று மூடி போட்டுப் பூட்டிவைத்தார்கள்.

படி 10: இல்லாத திரையைத் தேடுங்கள்

பிளைத்பரோவில் கல் வளைவு இல்லை என்றேன். அப்படியானால் மக்களுக்கும் குருக்களுக்கும் நடுவே இருந்தது மரத்திரை ஒன்றே. அதன்மேல் ஒரு மேடை, மேடைமேல் சிலுவையில் தொங்கும் இயேசு, இருபுறமும் மரியாளும் யோவானும். மன்னர் ஆறாம் எட்வர்ட் காலத்தில் உருவங்கள் போயின. 1561-இல் அரசி முதலாம் எலிசபெத்தின் ஆணையால் மேடைகளும் போயின. எந்த ஆலயத்திலும் இந்த இடத்துக்கு வந்ததும் பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். ஒடுக்கமான ஒரு கதவு, உள்ளே சுழல்படி, மேலே சுவரில் அந்தரத்தில் திறக்கும் இன்னொரு கதவு. திரை போய்விட்டது, ஏறும் படி மட்டும் மிச்சம். சவுத்வோல்டில் திரையே இருக்கிறது: 1500-ஐ ஒட்டிய காலத்தது, ஆலயத்தின் முழு அகலத்துக்கும் நீள்கிறது. தங்கப் பின்னணியில் திருத்தூதர்கள். முகங்கள் மட்டும் சுரண்டப்பட்டிருக்கின்றன. உடைகளின் பூவேலையில் கைவைக்கவில்லை.

இந்தப் படியை முழுமையாகப் புரிந்துகொள்ள இரண்டு மைல் தள்ளி வென்ஹாஸ்டனுக்குப் போயே ஆகவேண்டும். சிலுவைக்குப் பின்னணியாக இருந்த பெரிய பலகை ஓவியம் அங்கே இருக்கிறது: இறுதித் தீர்ப்பு. ஆடையில்லாத ஆன்மாக்கள், தலையில் மட்டும் கிரீடமும் ஆயர் தொப்பியும்; ஆன்மாக்களை எடை போடும் தேவதூதர் மிக்கேல்; மீன்வாய் போலத் திறந்த நரகம். ஓவியத்தின் நடுவே வண்ணமே படாத மூன்று பெரிய உருவ வடிவங்கள் வெறுமையாக இருக்கின்றன. செதுக்கிய இயேசு, மரியாள், யோவான் சிலைகள் பலகையோடு பொருத்தப்பட்டிருந்த இடம் அது. சிலைகளைச் சுற்றி ஓவியர் தீட்டினார். சிலைகளைப் பிடுங்கியதும் அவற்றின் நிழலளவு வெற்றுமரம் நின்றுவிட்டது. சீர்திருத்தக் காலத்தில் பலகைகள் முழுவதற்கும் வெள்ளையடித்து, ஆட்சியாளர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வேத வசனத்தை எழுதினார்கள். 1892-இல் ஆலயத்தைப் பழுது பார்த்தவர்கள் வேண்டாத பலகை என்று கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவு மழை பெய்தது. வெள்ளை கரைந்து காலையில் முகங்கள் எட்டிப் பார்த்தன.

படி 11: பலிபீடப் பகுதி

இடைக்கால வழக்கப்படி பலிபீடப் பகுதியைப் பராமரிப்பது, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் பெறுபவரின் பொறுப்பு, மக்கள் கூடம் ஊராரின் பொறுப்பு. அதனால் பல ஆலயங்களில் கூடம் செழிப்பாகவும் பீடப்பகுதி பழசாகவும் இருக்கும். பிளைத்பரோவில் இரண்டும் சேர்ந்தே எழுந்தது விதிவிலக்கு.

தெற்குச் சுவரில் சிறிய மாடமும் அதன் அடியில் துளையிட்ட கிண்ணமும் இருக்கும். திருப்பாத்திரம் கழுவிய நீர் வடிய அமைத்தது. அது உங்கள் முழங்காலளவில் இருந்தால் தரை பிற்காலத்தில் உயர்த்தப்பட்டிருக்கிறது, நெஞ்சுக்கு மேல் இருந்தால் தாழ்த்தப்பட்டிருக்கிறது. பக்கக்கூடத்தின் நடுச்சுவரில் இதே போன்ற மாடம் கண்ணில் பட்டால், அங்கேயும் ஒரு பீடம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வடக்குப் பக்கம் உள்ள கல்லறை 1478-இல் இறந்த நிலக்கிழார் ஜான் ஹாப்டனுடையது. மேலே பித்தளைத் தகட்டில் உருவம் இருந்தது; இப்போது அதன் வடிவிலான பள்ளம் மட்டும். தங்கள் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லும் வாசகங்கள் பித்தளையில் இருந்ததால் சிலர் பிடுங்கினார்கள். பித்தளைக்கு விலை இருந்ததால் பலர் பிடுங்கினார்கள்.

இங்குள்ள பாடகர் இருக்கைகளின் முன்பக்கத்தில் சீடர்களின் சிறு சிலைகள் வரிசையாக நிற்கும். அவற்றைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மேசைப் பலகையைப் பாருங்கள். மைக்கூடு வைத்த ஓட்டைகள்! 17-ஆம் நூற்றாண்டில் இதைப் பள்ளிக்கூடமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த டிர்க் லோவர்சன் என்ற 12 வயதுச் சிறுவன் தன் பெயரையும் 1665 என்ற ஆண்டையும் கத்தியால் ஆழமாகச் செதுக்கியிருக்கிறான். பாடத்தில் கவனம் இல்லை என்பது நிச்சயம். மன்னர், மடாதிபதி, நிலக்கிழார் என்று எத்தனை பேர் இந்த ஆலயத்தில் பெயர் நிலைக்க ஏற்பாடு செய்தார்கள். விரலால் தடவிப் படிக்கும்படி இருப்பது இவன் பெயர்தான்.

படி 12: ஏன் இவ்வளவு பெரிது, ஏன் இவ்வளவு காலி?

கடைசியாக ஆற்றங்கரைக்கு நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். இது துறைமுக ஊராக இருந்தது. ஆறு தூர்ந்து கப்பல் வருவது குறைந்தது. 1537-இல் மடம் கலைக்கப்பட்டது. 1676-இல் ஊரில் தீப்பிடித்தது. ஊர் சுருங்கியது, ஆலயம் சுருங்கவில்லை. புதுப்பிக்கப் பணமில்லாத வறுமைதான் பழைய கூரை வண்ணத்தையும் பெஞ்சுகளையும் நமக்கு விட்டுவைத்தது. 1969-இல் ஸ்னேப் இசை அரங்கம் தீக்கிரையானபோது ஆல்டபரோ இசை விழாவின் நிகழ்ச்சிகள் இங்கே மாற்றப்பட்டன. அளவு அதற்கு உதவியது.

இதே நெருக்கடிக்கு வேறு ஊர்கள் வேறு வழி கண்டன. வால்பர்ஸ்விக்கில் 1695-இல் அனுமதி பெற்று, பெரிய ஆலயத்தில் பெரும்பகுதியை இடித்துவிட்டு ஒரு மூலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மீன் பீப்பாய் ஒப்பந்தத்தில் எழுந்த கோபுரம் இன்னும் நிற்கிறது. கோவ்ஹைத்தில் 1672-இல் இன்னும் துணிச்சல்: கூரையை எடுத்துவிட்டு, பழைய பெரிய சுவர்களுக்குள்ளேயே வைக்கோல் கூரை வேய்ந்த சின்ன ஆலயம் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். இடிபாட்டின் பெரிய சாளர வளைவுகள் வழியே வானமும், கீழே அந்தச் சிறு ஆலயமும் ஒருசேரத் தெரியும்.

ஒரே நாளில் பார்ப்பதானால் காலையில் பிளைத்பரோ, பிறகு வென்ஹாஸ்டன், மதியத்துக்குமேல் சவுத்வோல்டு, கடைசியில் கோவ்ஹைத் என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்பர்ஸ்விக்கை இன்னொரு நாளைக்கு விடலாம். கோவ்ஹைத்தில் ஆலயத்தைத் தாண்டிக் கடலை நோக்கிப் போகும் பழைய சாலையில் நடக்காதீர்கள். மண்பாறை ஆண்டுதோறும் சரிந்து கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. சாலை அந்த விளிம்பில் அறுந்துவிடுகிறது.